விரும்பிய வழி செல்க: ஒரு தோட்டக் கல்வெட்டும் ஒரு தீர்ப்பும்

ரோம் நகரின் வடபுறத்தில், மூன்றாம் நூற்றாண்டில் ஆரேலியன் என்னும் பேரரசன் எழுப்பிய மதிலை ஒட்டி, ஏறத்தாழ 80 ஹெக்டேர் பரப்பில் ஒரு பூங்கா விரிந்துள்ளது. குடை விரித்தாற்போன்ற பைன் மரங்கள், ஒரு செயற்கை ஏரி, அதன் நடுவே ஒரு சிறு கோயில், நீரூற்றுகள், குதிரைப் போட்டிக்கான திடல், உலகப் புகழ்பெற்ற ஓவியக்கூடம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடக்கம். வில்லா போர்கேசே என்பது அதன் பெயர். மூன்று நூற்றாண்டுகள் ஒரே குடும்பத்தின் தனிச்சொத்தாக இருந்து, 1903-இல் நகராட்சியின் கைக்கு வந்த நிலம் அது.

இத்தகைய பூங்காக்களின் வரலாறு பெரும்பாலும் ஒரு கொடைக் கதையாகவே சொல்லப்படுகிறது. செல்வந்தக் குடும்பம் ஒன்று மனமுவந்து தன் தோட்டத்தை ஊருக்கு அளித்தது, ஊர் நன்றியுடன் பெற்றுக்கொண்டது என்பதே அக்கதையின் வடிவம். போர்கேசே தோட்டத்தின் கதை அவ்வாறு முடியவில்லை. அங்கு ஊர் மக்கள் தங்கள் உரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்டினர். அரசு நிலத்தை விலைகொடுத்து வாங்கியது அதற்குப் பின்னரே. தமிழ்நாட்டுப் பத்திரங்களில் இன்றும் எழுதப்படும் 'அனுபவ பாத்தியம்' என்ற சொல்லின் பொருளை விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

முதலில் பெயர். இத்தாலிய மொழியில் 'வில்லா' என்பது வீட்டை மட்டும் குறிப்பதன்று. நிலம், மரங்கள், நீர்நிலைகள், சிலைகள், மாளிகை ஆகியவை சேர்ந்த முழு வளாகத்தையும் அச்சொல் குறிக்கும். மாளிகைக்கு வழங்கிய பெயர் 'கசீனோ'. சிறு வீடு என்பது அதன் பொருள். சூதாட்டக் கூடம் என்ற பொருள் பின்னர் ஏறியது. எனவே வில்லா போர்கேசே என்றால் போர்கேசே குடும்பத்தின் தோட்டம் என்றே கொள்ள வேண்டும்.

சியேனா நகரிலிருந்து ரோமுக்குக் குடிபெயர்ந்த அக்குடும்பத்தின் கமில்லோ போர்கேசே 1605-இல் ஐந்தாம் பவுல் என்ற பெயரில் திருத்தந்தை ஆனார். அதே ஆண்டில் தம் தங்கையின் மகனாகிய ஷிப்பியோனேயைக் கர்தினால் ஆக்கித் தம் குடும்பப் பெயரையும் அளித்தார். திருத்தந்தையர் தம் உறவினரை, குறிப்பாக உடன்பிறந்தாரின் மக்களை, உயர் பதவியில் அமர்த்திய இவ்வழக்கத்திலிருந்தே 'நெப்போட்டிசம்' என்ற சொல் பிறந்தது. அந்நாளைய திருச்சபையின் வருவாயில் பெரும்பங்கு ஷிப்பியோனேயின் கைவழியே சென்றது. பின்ச்சானா வாயிலுக்கு வெளியே குடும்பத்துக்கு இருந்த திராட்சைத் தோட்டத்தைச் சுற்றியுள்ள நிலங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தார். ஃபிளாமினியோ பொன்ஸியோ என்ற கட்டடக் கலைஞர் மாளிகையைத் தொடங்கினார். அவர் 1613-இல் இறந்த பின், நெதர்லாந்துப் பகுதியிலிருந்து வந்து வசான்ஸியோ என்ற பெயரில் ரோமில் வாழ்ந்தவர் அப்பணியை முடித்தார்.

மாளிகையை நிரப்பிய கலைப்பொருள்கள் வந்த வழி அவ்வளவு நேரானதன்று. 1607-இல் கவாலியேர் தார்ப்பினோ என்ற ஓவியரின் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் திருத்தந்தையின் அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். அவை ஷிப்பியோனேயைச் சேர்ந்தன. கரவாஜியோவின் தொடக்ககால ஓவியங்கள் சில அவற்றுள் இருந்தன. 1608-இல் பெரூஜா நகரின் பிரான்சிஸ்கன் தேவாலயத்திலிருந்து, ரஃபேல் தீட்டிய இயேசுவின் அடக்கக் காட்சி இரவோடு இரவாக அகற்றப்பட்டு ரோமுக்குக் கொண்டுவரப்பட்டது. பெரூஜா மக்கள் கொதித்தெழுந்தனர். திருத்தந்தையோ அது தம் மருமகனின் தனிச்சொத்து என்று ஆணை பிறப்பித்து முடித்தார். இளம் பெர்னினி பளிங்கில் செதுக்கிய அப்பல்லோ-டாப்னே, தாவீது போன்ற சிற்பங்கள் முறையாகப் பணம் கொடுத்துச் செய்விக்கப்பட்டவை. ஆயினும் பிறர் பொருளை எடுத்துக்கொள்வதில் தயக்கம் காட்டாத ஒருவரின் தோட்டம் அது என்பதை நினைவில் கொண்டே அடுத்த செய்தியைப் படிக்க வேண்டும்.

அத்தோட்டத்தில் இலத்தீன் கல்வெட்டு ஒன்று வைக்கப்பட்டது. தோட்டத்தின் காவலன் பேசுவதாக அமைந்தது அது. வருபவர் எவராயினும் சட்டத்தின் விலங்குகளுக்கு இங்கே அஞ்ச வேண்டியதில்லை. விரும்பிய இடம் செல்லலாம், விரும்பியதைக் கொய்யலாம், விரும்பும்போது நீங்கலாம். இவையெல்லாம் உடைமையாளருக்கென்று அமைந்ததைவிட வெளியாருக்கென்றே மிகுதியாக அமைந்தவை என்று அது அறிவித்தது. நன்னடத்தையே இங்கு விதி, அதை மீறுபவர் காவலனின் சினத்துக்கு ஆளாவர் என்றும் இறுதியில் சேர்த்துக்கொண்டது. இவ்வகைக் கல்வெட்டுகளுக்குத் 'தோட்டச் சட்டம்' என்று பெயர். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டு ரோமின் பெருந்தோட்டங்கள் பலவற்றில் இவ்வழக்கம் இருந்தது. பண்டைய ரோமானியப் பெருமக்களைப் போலத் தாமும் தோட்டத்தை ஊருக்குத் திறந்து வைப்பவர் என்று காட்டிக்கொள்வது அக்காலக் கர்தினால்களின் பெருமைகளுள் ஒன்று.

அக்கல்வெட்டின் இலக்கணம் கவனிக்கத்தக்கது. இலத்தீன் மொழியில் ஏவல் வினைக்கு இருவகை வடிவங்கள் உண்டு. எதிரில் நிற்பவரை நோக்கி அக்கணத்துக்கென்று சொல்வது ஒன்று. எவருக்கும் எக்காலத்துக்கும் பொருந்துமாறு விதிப்பது மற்றொன்று. ரோமானியரின் மிகப் பழைய சட்டத் தொகுப்பாகிய பன்னிரு பலகைச் சட்டம் இவ்விரண்டாம் வடிவில் பேசியது. தோட்டக் கல்வெட்டில் வரும் 'ஈதோ', 'கார்ப்பிதோ', 'அபீதோ' என்ற மூன்று வினைகளும் அந்தச் சட்ட வடிவத்தைச் சேர்ந்தவை. காவலன் தன் பேச்சைத் தொடங்கும் 'எடிகோ' என்ற சொல்லும் ரோமானிய நடுவர்கள் தம் ஆணையை அறிவிக்கப் பயன்படுத்திய சொல்லே. தமிழில் இதற்கு நெருக்கமானது வியங்கோள். 'செல்க', 'கொய்க', 'நீங்குக' என்னும்போது ஆண், பெண், ஒருமை, பன்மை என்ற வேறுபாடு இல்லை. கேட்பவர் இன்னார் என்ற வரையறையும் இல்லை. சட்டத்துக்கு அஞ்சாதே என்று சொல்ல வந்த கல்வெட்டு, அதைச் சட்டத்தின் மொழியிலேயே சொன்னது. எழுதிய புலவர் அதை ஒரு நகையாட்டாகக் கருதியிருக்கக்கூடும். இரண்டரை நூற்றாண்டு கழித்து அந்த நகையாட்டு உண்மையாயிற்று.

இடைப்பட்ட காலத்தில் வாயில் பெரும்பாலும் திறந்தே இருந்தது. 1644-இல் ஆங்கிலேயரான ஜான் எவ்லின் அங்குச் சென்று தாம் கண்டதை நாட்குறிப்பில் வியந்து எழுதினார். 1788-இல் ரோமில் தங்கியிருந்த கதே, தம் 'ஃபாஸ்ட்' நாடகத்தின் சூனியக்காரி அடுக்களைக் காட்சியை இத்தோட்டத்தில் எழுதியதாகப் பிற்காலத்தில் எக்கர்மனிடம் கூறினார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நான்காம் மார்க்கந்தோனியோ போர்கேசே, அந்தோனியோ அஸ்ப்ருச்சி என்ற கலைஞரைக் கொண்டு மாளிகையையும் தோட்டத்தையும் புதுப்பித்தார். ஏரியும் அதன் நடுவே மருத்துவக் கடவுள் எஸ்குலாப்பியஸின் கோயிலும் அப்போது உருவானவை. குடும்பத்தின் பூர்விக ஊரை நினைவூட்டும் வகையில் 'சியேனா திடல்' என்று பெயரிடப்பட்ட நீள்வட்ட மைதானமும் அக்காலத்ததே. அக்டோபர் மாதத்தில் ரோம் நகரின் எளிய மக்கள் கூடி ஆடிப்பாடும் விழாக்களுக்குத் தோட்டம் இடம் தந்தது.

அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த கமில்லோ 1803-இல் நெப்போலியனின் தங்கை பவுலினாவை மணந்தார். வெற்றித் தெய்வமாகச் சாய்ந்து படுத்திருக்கும் பவுலினாவைக் கனோவா பளிங்கில் வடித்தது இம்மணத்தின் விளைவு. 1807-இல் மைத்துனரின் வற்புறுத்தலால் கமில்லோ தம் குடும்பத்தின் பழஞ்சிற்பத் தொகுதியை விற்க நேர்ந்ததும் இம்மணத்தின் விளைவே. 'போர்கேசே வீரன்' உள்ளிட்ட அச்சிற்பங்கள் இன்றும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 1820-களில் லூயிஜி கனீனா என்ற கட்டடக் கலைஞர் தோட்டத்தை மேற்கே போப்போலோ வாயில் வரை நீட்டி, அங்கே கிரேக்கப் பாணியில் புதிய நுழைவாயிலை அமைத்தார். நகரின் முதன்மை வாயிலிலிருந்து நேரே தோட்டத்துக்குள் நடந்து செல்லும் வசதி ஏற்பட்டது. 1849-இல் பிரெஞ்சுப் படை ரோமக் குடியரசை முற்றுகையிட்டபோது தோட்டம் பெருஞ்சேதம் அடைந்தது. அதன்பின் மீண்டும் மரங்கள் நடப்பட்டன. மீண்டும் மக்கள் வந்தனர்.

நிலைமையை மாற்றியது 1870. அவ்வாண்டு செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. 1871-இல் ரோம் ஒன்றிணைந்த இத்தாலியின் தலைநகரானது. அமைச்சகங்களும் அலுவலர்களும் தொழிலாளரும் வந்து குவிந்தனர். முப்பது ஆண்டுகளில் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ இருமடங்காயிற்று. மதிலை ஒட்டிய நிலத்தின் மதிப்பு வானளாவ உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் பேணிய குடும்பங்கள் திடீரெனத் தாம் வைத்திருப்பது வீட்டுமனை என்று கண்டுகொண்டன.

போர்கேசே தோட்டத்துக்கு மிக அருகில், மதிலின் உட்புறம், லுடோவிசி குடும்பத்தின் தோட்டம் இருந்தது. அழகில் அதற்கு இணை இல்லை என்று அயல்நாட்டு எழுத்தாளர் பலர் போற்றிய இடம் அது. ஆனால் வெளியாருக்கு அது அரிதாகவே திறக்கப்பட்டது. உடைமையாளரின் அனுமதி பெற்றவரே உள்ளே செல்ல முடிந்தது. 1886 முதல் அத்தோட்டம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. நூற்றாண்டு கண்ட மரங்கள் வெட்டப்பட்டன. செய்தி கேட்டு ஐரோப்பாவின் அறிஞர்கள் கண்டனம் எழுதினர். கண்டனங்கள் எவையும் கோடரியைத் தடுக்கவில்லை. தடுக்கும் சட்ட வழி எவரிடமும் இல்லை. இன்று விடுதிகளுக்குப் பெயர்பெற்ற வெனேத்தோ வீதி அந்நிலத்தின் வழியேதான் செல்கிறது. தோட்டத்தில் எஞ்சியது 'அவ்ரோரா' என்ற ஒரு சிறு மாளிகையும் அதைச் சுற்றிய கொஞ்சம் நிலமும் மட்டுமே.

அதே ஆண்டுகளில்தான் போர்கேசே இளவரசரும் தம் தோட்டத்தின் வாயிலைப் பொதுமக்களுக்கு மூடினார். ரோம் நகராட்சி வழக்குத் தொடுத்தது. நகராட்சியின் பக்கத்தில் நின்றவர் பாஸ்குவாலே ஸ்தானிஸ்லாவோ மான்ச்சீனி. இத்தாலியின் முன்னாள் நீதித்துறை அமைச்சராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். பன்னாட்டுச் சட்ட அறிஞர்.

இளவரசரின் வாதம் எளிதானது. மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்க இயலாதது. நிலம் தனியாருடையது. குடும்பம் தன் பெருந்தன்மையால் மக்களை உள்ளே விட்டது. பொறுத்துக்கொண்ட செயலிலிருந்து உரிமை பிறப்பதில்லை என்பது உரிமையியல் சட்டத்தின் அடிப்படை. பக்கத்து நிலத்துக்காரர் வழிநடை பாத்தியம் கேட்கலாம், ஏனெனில் அவருக்கு ஒரு நிலம் இருக்கிறது. ஊரார்க்கு அப்படி என்ன நிலம் இருக்கிறது? காற்று வாங்குவதும் உலாவுவதும் ஒரு தேவையா? நாளை ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் வழிப்போக்கரை அமரவிட்டால் திண்ணை ஊருக்குச் சொந்தமாகிவிடுமா?

நகராட்சியின் வாதம் வேறு திசையில் சென்றது. நினைவுக்கு எட்டாத காலம் முதல் ரோம் மக்கள் இத்தோட்டத்தில் நடந்து வருகின்றனர். தனி மனிதர்களாக, இளவரசரின் விருந்தினராக அவர்கள் வரவில்லை. ரோமின் மக்கள் என்ற ஒரே தகுதியில் வந்தனர். தலைமுறைகள் மாறின, உடைமையாளர் மாறினர், ஆட்சி மாறியது, நடை நிற்கவில்லை. இத்தனை நீண்ட, இடையறாத, வெளிப்படையான அனுபவம் வெறும் அனுமதியாக இருக்க முடியாது. அந்த அனுபவத்துக்கு உரியவர் மக்கள் என்ற சமுதாயம். அச்சமுதாயத்தின் சார்பில் வழக்காடும் தகுதி நகராட்சிக்கு உண்டு.

1887 மார்ச் 9 அன்று ரோம் உச்ச முறையீட்டு நீதிமன்றம் நகராட்சியின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலத்தின் உடைமையை அத்தீர்ப்பு குடும்பத்திடமிருந்து எடுக்கவில்லை. அந்நிலத்தின் மீது பொதுப் பயன்பாட்டு உரிமை ஒன்று மக்களுக்கு இருக்க முடியும், உலாவுவதும் இளைப்பாறுவதும் அவ்வுரிமைக்குள் அடங்கும், அதைக் காக்க நகராட்சி நீதிமன்றம் வரலாம் என்று அது ஏற்றுக்கொண்டது. நிலம் போர்கேசேயுடையது, நடை ரோமானியருடையது என்று அதன் சாரத்தைச் சுருக்கலாம். இத்தாலியச் சட்டக் கல்வியில் பொதுப் பயன்பாட்டு உரிமை பற்றிய விவாதங்களில் இன்றுவரை பேசப்படும் தீர்ப்பு இது.

இத்தீர்ப்பின் அருமையை உணர, இந்தியா தன் சட்ட மரபைப் பெற்ற இங்கிலாந்தின் நிலையை ஒப்பிட்டால் போதும். அங்கே உலாவும் உரிமைக்கு 'யூஸ் ஸ்பாசியாந்தி' என்ற இலத்தீன் பெயர் இருந்தது, உரிமை இருக்கவில்லை. பிறர் பூங்காவில் மனம்போல் உலாவும் உரிமை ஆங்கிலச் சட்டம் அறியாத ஒன்று என்று நீதிபதி ஃபார்வெல் 1903-இல் ஒரு வழக்கில் கூறினார். ரோமின் நகராட்சி போர்கேசே தோட்டத்தைக் கையேற்றதும் அதே 1903-இல்தான். 1955-இல் எலன்பரோ பூங்கா வழக்கில் ஆங்கிலேய நீதிமன்றம் சற்றே இறங்கிவந்தது; அப்போதும் பூங்காவைச் சுற்றிய வீட்டுக்காரர்களுக்கே அவ்வுரிமையை அளித்தது. இந்தியாவில் 1882-இன் ஈஸ்மெண்ட் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளுள் சென்னை மாகாணமும் ஒன்று. எந்தத் தனிநிலத்தையும் சாராமல் பொதுமக்களுக்கு வழக்காற்றால் இருந்துவரும் உரிமைகளை இச்சட்டம் குறைக்காது என்று அதன் 2-ஆம் பிரிவு சொல்கிறது. வெறும் அனுமதிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆக, அனுமதியா வழக்காறா என்ற அதே கேள்விதான் இங்கும் நடுவில் நிற்கிறது. மேய்ச்சல் நிலம், ஊர்த்தோப்பு, குளக்கரை என்று எதைப் பற்றிய வழக்காயினும், இக்கேள்விக்கு விடை சொல்லாமல் அது முடிவதில்லை.

தீர்ப்புக்குப் பின் தோட்டத்தை மனைகளாக்கும் வழி அடைபட்டது. மக்கள் நடக்கும் உரிமையோடு கூடிய நிலத்தை வாங்கி வீடு கட்ட எவர் முன்வருவார்? தவிர, 1880-களின் இறுதியில் ரோமின் கட்டட மோகம் நொறுங்கியது. வங்கிகளும் முதலீட்டாளரும் வீழ்ந்தனர். மனைவணிகத்தில் பெரும்பணத்தை இறக்கியிருந்த போர்கேசே குடும்பமும் அவர்களோடு வீழ்ந்தது. குடும்ப நூலகம் 1892-இல் ஏலத்துக்கு வந்தது. ஓவியத் தொகுதியோ பிரித்து விற்க முடியாத மரபுச் சொத்தாகச் சட்டத்தால் கட்டப்பட்டிருந்தது. டிஷியனின் ஒரே ஓவியத்துக்கு ரோத்ஸ்சைல்டு குடும்பம் 40 லட்சம் லிரா தர முன்வந்ததாகச் சொல்லப்படுகிறது. இறுதியில் இத்தாலிய அரசு ஓவியத் தொகுதி முழுவதையும் 36 லட்சம் லிராவுக்குப் பெற்றது. 1901-இல் தோட்டமும் மாளிகையும் கலைத்தொகுதியும் அரசின் உடைமையாயின. 1903-இல் தோட்டம் ரோம் நகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது.

புதிய உடைமையாளர் புதிய பெயரையும் சூட்டினர். 1900-இல் மோன்சா நகரில் சுட்டுக் கொல்லப்பட்ட மன்னர் முதலாம் உம்பெர்த்தோவின் நினைவாக 'வில்லா உம்பெர்த்தோ' என்று ஆவணங்களில் எழுதினர். மக்கள் வாயில் அப்பெயர் நுழையவில்லை. பாட்டனும் பூட்டனும் சொன்ன 'வில்லா போர்கேசே'யையே அவர்கள் தொடர்ந்து சொன்னார்கள். காலப்போக்கில் ஆவணங்களும் அதற்கே திரும்பின. 1908-இல் ஒரு பாலம் தோட்டத்தைப் பின்ச்சோ குன்றோடு இணைத்தது. 1911-இல் வடபகுதியில் விலங்குக் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. சியேனா திடலில் 1922 முதல் பன்னாட்டுக் குதிரைப் போட்டி நடக்கிறது.

குடும்பத்தின் பெயர் பூங்காவுக்கு நிலைத்ததைக் கண்டு, அது குடும்பத்தின் கொடை என்று எண்ணுபவர் பலர். அப்பெயரை நிலைக்கச் செய்ததும் மக்களின் வழக்கே. பூங்காவை நிலைக்கச் செய்ததும் அதுவே. இரு தோட்டங்கள் ஒரே மதிலின் இருபுறமும் இருந்தன. மண்ணின் வளத்திலோ மரங்களின் அழகிலோ பெரிய வேறுபாடு இல்லை. ஒன்றில் மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்திருந்தனர். மற்றொன்றைப் பெரும்பாலோர் மதிலுக்கு வெளியிலிருந்தே அறிந்திருந்தனர். அழிக்க வந்தபோது முன்னதற்காக வழக்காட ஒருவர் இருந்தார். பின்னதற்காக வருந்தி எழுதியவர் மட்டுமே இருந்தனர்.

ஷிப்பியோனேயின் கல்வெட்டைப் படித்தவர் எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியாது. அக்டோபர் விழாக்களுக்கு வந்த திராட்சைத் தொழிலாளரும் சலவைப் பெண்களும் இலத்தீன் அறிந்தவர் அல்லர். ஆயினும் அதில் சொன்னதை அவர்கள் விடாமல் செய்துவந்தனர். விரும்பிய வழி சென்றனர்; விரும்பியபோது நீங்கினர்; அடுத்த ஆண்டும் வந்தனர்.